யாரிடம் கழுத்தைக் காட்டுவது?

“சாமியை நம்புறவங்க டாக்டரைச் சல்லடை போட்டுத் தேடலாமாம்மா?”

பிரதோஷம் முடிந்து, சுண்டல் தொன்னையோடு பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மாள் என்னைக் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை; நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். அவருடைய மருமகளுக்குக் கழுத்தில் கட்டி. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்றிருக்கிறார். இன்னொருவர், மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்பிய பிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்றிருக்கிறார். வீட்டுப் பெரியவர் குறுக்கே புகுந்து, “விதிப்படி நடக்கும். முதல்ல யார்கிட்ட போனோமோ அவர் கையிலேயே விட்டுடுங்க. நாலு பேரைப் பார்த்தா நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்” என்று முடித்துவிட்டாராம்.

பெரியவர் சொன்னதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. அதனால்தான் அதற்குச் சட்டென்று பதில் சொல்ல வருவதில்லை. நம்பிக்கை என்று ஒருவர் சொல்லிவிட்டால், எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொள்வதுதான் மரியாதை என்று பழகியிருக்கிறோம். எனக்கு அந்த மரியாதை கொஞ்சம் குறைவு.

நான் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ரசாயன ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கொதிகலனுக்குப் போகும் தண்ணீரையும், டர்பைனுக்குப் போகும் நீராவியையும் சோதிப்பது வேலை. நீராவியில் சிலிக்கா நூறு கோடியில் இருபது பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் டர்பைன் பிளேடுகளில் கண்ணாடி மாதிரி படிந்துவிடும். கண்ணுக்கே தெரியாத அளவு ஒரு பொருள் எவ்வளவு பெரிய யந்திரத்தையும் படுத்தும் என்பதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரில் வீடு. டவுன்ஷிப் நடராஜர் கோயிலில் தேவாரம் பாடும் குழுவில் ஓரத்தில் எனக்கும் ஓர் இடம்.

அந்தக் கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். அங்கே குறையை எழுதிப் பெட்டியில் போட்டு, மணியை அடித்துவிட்டு வரும் வழக்கம் உண்டு. மனுநீதிச் சோழன் வாசலில் பசு மணியடித்த கதையின் நினைவு. பெட்டியில் விழும் சீட்டுகளில் பாதி, பிள்ளைகளின் வேலையும் கல்யாணமும். மீதியில் பெரும்பங்கு ஆஸ்பத்திரி விஷயமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஆண்டவனிடம் மனுப் போடுகிறவர்கள், டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

எனக்கும் ஒரு நோய் வந்தது. அது முதலில் தெரிந்தது நான் பாடும்போதுதான். மேலே போகவேண்டிய இடத்தில் குரல் கம்மி நின்றது. “சளி கட்டியிருக்கும், மிளகு ரசம் குடிங்க” என்றார்கள். பிறகு கால் கனத்தது, முகம் உப்பியது, நாள் முழுக்கத் தூக்கம். கத்தரி வெயிலில் நெய்வேலியில் ஒருத்தி மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்வை கேட்டால் அது சாதாரணமா? ஆனால் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். ரிட்டயர் ஆன ஏக்கம். குவார்ட்டர்ஸை விட்டுவந்த துக்கம். கண்ணேறு. போன பிறவிக் கணக்கு. பக்கத்து ஊரில் ஒரு டாக்டர், தலையை நிமிர்த்தாமலே “வயசாச்சும்மா” என்று சத்து மாத்திரை எழுதினார். அதுவும் ஒரு வகை விதிவாதம்தான். டாக்டர் வாயிலிருந்து வந்ததால் விஞ்ஞானம் மாதிரி ஒலித்தது.

இனி அந்தப் பெரியவரின் வாதத்துக்கு வருகிறேன். விதி, வினை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது சைவமா? திருஞானசம்பந்தர் கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது அடியார்களைக் குளிர்ச்சுரம் பிடித்தது. அந்த நாட்டுப் பனிக்கு இது வருவதுதான் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அப்போது அவர் பாடிய பதிகம் இன்றும் நோய்க்காகப் பாடப்படுகிறது. நஞ்சைக் கழுத்தளவில் நிறுத்திவைத்த நீலகண்டன் மேல் ஆணையிடும் பதிகம். அதன் தொடக்கத்திலேயே அவர் சாடுவது நோயை அல்ல, பேச்சை. பழைய வினையின் பலன் இது என்று விளக்கம் சொல்லத் தெரிந்தவர்கள், தப்பிக்கும் வழியைத் தேடாமல் இருப்பது அவர்களுடைய குறை என்கிறார். வினைக் கொள்கையை அவர் மறுக்கவில்லை. அதை நாற்காலியாகப் போட்டு உட்கார்ந்துகொள்வதைத்தான் மறுக்கிறார். எங்கள் குழுவில் இந்தப் பதிகத்தைப் பாடாத மாதம் இல்லை. பாடிவிட்டு, “எல்லாம் வினைம்மா” என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடுகிறவர்களும் நாங்களே.

சரி, வழியைத் தேடலாம். ஆனால் தேடும்போது சோதித்துப் பார்க்கலாமா? சோதிப்பது சந்தேகம் அல்லவா? இதற்கு எங்களுக்கு அடுத்த ஊரின் கதையே பதில் வைத்திருக்கிறது. விருத்தாசலம், பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே சிவபெருமான் சுந்தரருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்து, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். கதையில் ஒரு சின்ன விவரத்தைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். ஆற்றில் போடுவதற்கு முன்னால் சுந்தரர் அந்தப் பொன்னிலிருந்து கொஞ்சம் வெட்டி மச்சமாக, அதாவது ஒப்பிடும் மாதிரியாக, வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்ததும் அதோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்க்கச் செய்தார். மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடினார், சரியானது. உரைத்துப் பார்த்த பிள்ளையாருக்கு மாற்றுரைத்த விநாயகர் என்றே பெயர்.

கொடுத்தவர் கடவுள். வாங்கியவர் அவருடைய தோழர். அப்படியும் மச்சம் வெட்டிவைத்தார்! சேக்கிழார் இதை ஒரு பழியாகச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் ஒப்பீட்டு மாதிரியைத் தனியே எடுத்துப் பூட்டிவைத்த எனக்கு, நாயன்மார்களில் யார் மேல் தனி வாஞ்சை என்று கேட்கவே வேண்டாம். இறைவன் தந்த பொன்னையே உரைத்துப் பார்க்கலாம் என்றால், ஆபரேஷன் என்ற ஒரு சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டுவதில் எந்தத் தெய்வம் கோபித்துக்கொள்ளப் போகிறது?

பாண்டியன் சுரத்தின் கதையும் இந்த வகையில் வேடிக்கையானது. உடம்பின் இடப்பக்கத்தைச் சமணர்களும் வலப்பக்கத்தைச் சம்பந்தரும் ஆளுக்குப் பாதியாகக் குணப்படுத்தப் பார்த்தார்கள் என்கிறது பெரியபுராணம். ஒரே நோயாளி, ஒரே நோய், ஒரே நேரம், இரண்டு சிகிச்சை. இன்றைய மருத்துவ ஆராய்ச்சிக்காரர்கள் பொறாமைப்படும் ஏற்பாடு. சமணர் எழுதியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

இதுவரை சுலபம். சிக்கல் இனிமேல்தான்.

எனக்கு வந்திருந்தது தைராய்டுக் குறைசுரப்பு. தைராய்டு குறைந்தவருக்கு மந்தமாவது உடம்பு மட்டுமல்ல, மனசும்தான். எதையும் முடிவெடுக்கத் தோன்றாது. ஞாபகம் நழுவும். “என்ன ஆகிவிடப் போகிறது” என்ற ஓர் அலுப்பு வரும். அந்த அலுப்பே ஞானம் மாதிரி தோற்றம் தரும். எனக்கு அது நடந்தது. பற்று விட்டுப்போகிறது, பக்குவம் வருகிறது என்று உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன். சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஆணவ மலத்தை இருட்டோடு வைத்துப் பேசுகிறார். இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும், தான் இருப்பதையாவது காட்டிக்கொள்ளும். ஆணவமோ பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்கிறார். பதினான்காம் நூற்றாண்டில் அவர் சொன்னது உயிரின் நோயைப் பற்றி. ஆனால் குறைசுரப்பு வந்து மீண்டவர்கள் யார் அதைப் படித்தாலும் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்கள். தன்னைக் கவனிக்கும் புலனையே முதலில் மழுக்கிவிடும் நோய் அது.

அப்படியென்றால், நோயில் இருக்கும் மனசு தனக்கு ஏற்ற மருத்துவரை எப்படித் தேர்ந்தெடுக்கும்? அறியாமையில் இருப்பவன் ஆசிரியனை எப்படி அடையாளம் காண்பான் என்ற பழைய கேள்விதான் இது. சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு துணிச்சலான பதிலைச் சொல்கிறது: அவன் காண மாட்டான், பக்குவம் வரும்போது இறைவனே குரு வடிவில் தேடி வருவான். உயிருக்கு அது பொருந்தலாம். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் இந்திரா நகருக்குத் தேடி வருவதில்லை.

இங்கேதான் அப்பர் வருகிறார். நாவுக்கரசராவதற்கு முன் தருமசேனராக இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர்ச் சமண மடத்தில் இருந்தவரைச் சூலை நோய் பிடித்தது. மடத்தார் தங்களுக்குத் தெரிந்த மந்திரமும் மயிற்பீலியும் கொண்டு பார்த்தார்கள், கேட்கவில்லை. அப்போது அவர் செய்தது என்ன? சமையல்காரரை அனுப்பித் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரை வரச் சொன்னார். அக்கா அங்கே வர மறுத்தார். இவர் பாயையும் பீலியையும் குண்டிகையையும் போட்டுவிட்டு இரவோடு இரவாகப் புறப்பட்டுப் போனார். நெய்வேலியிலிருந்து பஸ் ஏறினால் பண்ருட்டி, அதன் ஓரத்திலேயே அதிகை வீரட்டானம். நாங்கள் பலமுறை போன ஊர். இந்தக் கதையை மதமாற்றமாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். நோயாளியாக இருந்தபோது நான் அதை வேறு மாதிரி கேட்டேன். வலியில் துடிக்கும் ஒருவர், பெரிய பதவியில் இருந்தும், தன் அறிவை நம்பி முடிவெடுக்கவில்லை. தன்னைச் சிறுவயது முதல் அறிந்த ஒருத்தியை நினைத்தார். திலகவதியார் வைத்தியர் அல்ல. எந்த வாசலில் போய் விழ வேண்டும் என்று தம்பிக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்.

திருக்குறளில் மருந்து என்ற 95-ஆம் அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு நிற்காமல், பக்கத்திலிருந்து கவனிப்பவரையும் சேர்த்து மருத்துவத்தை நான்காக வகுக்கிறது. அந்த நான்காமவரை மருந்து எடுத்துக் கொடுக்கும் ஆள் என்றே நினைத்திருந்தேன். தேர்ந்தெடுப்பதில் பாதி அவருடைய வேலை என்று இப்போது நினைக்கிறேன்.

எனக்கு அந்த நான்காமவர் என் வீட்டுக்காரர். சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் இருந்தவர். அங்கே ஷிப்ட் மாறும்போது, பெல்ட் எங்கே உரசியது, எந்த ரோலர் சத்தம் போட்டது என்று லாக் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்கு வரலாம். அந்தப் பழக்கத்தில் தினத்தாள் காலண்டரின் பின்பக்கத்தில் என்னைப் பற்றிக் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார்: குரல், குளிர், மலச்சிக்கல், முடி உதிர்தல், அடுப்பில் பால் வைத்து மறந்தது. ஒருநாள் அந்தத் தாள்களை அடுக்கிக் காட்டி, “இது ஏக்கம் இல்ல, ஏதோ மெஷின்ல கோளாறு. ரத்தம் கொடுத்துப் பார்ப்போம், வா” என்றார். டிஎஸ்எச் எகிறியிருந்தது. டிஎஸ்எச் அதிகம் என்றால் தைராய்டு அதிகம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், தலைகீழ். அது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி போடும் உத்தரவு. கழுத்திலுள்ள சுரப்பி வேலை செய்யாவிட்டால் உத்தரவின் குரல் உயரும்.

பிறகு எந்த டாக்டர் என்ற கேள்வி. பலகையில் உள்ள எழுத்துகளைப் படிக்கத் தெரிய வேண்டும். இதில் புனிதம் ஒன்றுமில்லை. எம்.பி.பி.எஸ்., அதற்கு மேல் பொது மருத்துவத்தில் எம்.டி., அதற்கும் மேல் மூன்று வருடம் எண்டோகிரைனாலஜியில் டி.எம். முடித்தவர்தான் இந்தத் துறையின் முழு நிபுணர். அறுவைக்கு எண்டோகிரைன் சர்ஜரியில் எம்.சிஎச். என்று தனிப் படிப்பு. புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தச் சுரப்பிகளுக்குத் தனித் துறை. சென்னை மருத்துவக் கல்லூரியில் எண்டோகிரைன் அறுவைக்கென்றே துறை இருக்கிறது. “தைராய்டு ஸ்பெஷலிஸ்ட்” என்று தானே எழுதிக்கொண்ட பலகைகளும் கடைத்தெருவில் உண்டு. படித்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

ஆனால் எனக்கு வாய்த்தவர் டி.எம். அல்ல, பொது மருத்துவர். பெரிய நிபுணரைத்தான் பார்க்கவேண்டும் என்று போன என்னை அவரிடமே இருத்தியது அவர் சொன்ன ஒரு வாக்கியம்: “உங்களுக்கு இருக்கிறது சாதாரணக் குறைசுரப்பு, இதை நான் பார்க்கலாம். கர்ப்பம், குழந்தை, மிகைச்சுரப்பு, கண் பிதுக்கம், கழுத்தில் கட்டி, இல்லை மருந்துக்கு அடங்காத அளவு, இதில் எது வந்தாலும் நானே ஜிப்மருக்கு எழுதிக் கொடுப்பேன்.” தன் எல்லை எங்கே முடிகிறது என்று கேட்காமலே சொன்னவர். அதற்கு முன்னால் அவர் எழுந்து வந்து கழுத்தைத் தொட்டார், ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கச் சொல்லி மறுபடி தொட்டுப் பார்த்தார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். கால்சியம் என்றதும், அதற்கும் தைராக்சினுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்றார். வெறும் வயிற்றில் தண்ணீரோடு, காப்பி அதற்கு அரைமணிக்கு அப்புறம் என்றார். தமிழ்நாட்டில் ஒருவருடைய விடியற்காலைக் காப்பியில் கைவைக்கத் துணிந்த டாக்டரை நம்பலாம்.

எல்லையை அறிதல் ஏன் எனக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டது என்று யோசித்ததுண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோகர் என்றொரு அறுவை மருத்துவர். கழுத்துக் கழலையை அவர் போல நேர்த்தியாக வெட்டியெடுத்தவர் அந்தக் காலத்தில் இல்லை. அந்த நேர்த்தியோடு நின்றிருக்கலாம். அவர் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். சுரப்பியை முழுக்க எடுத்தவர்கள் உப்பி, மந்தமாகி, பழைய மனிதர்களாக இல்லாமல் போயிருந்தார்கள். தன் கை செய்த தீங்கை 1883-இல் தானே பகிரங்கமாக எழுதினார்; முழுக்க எடுப்பதை விட்டார். அந்தச் சுரப்பி எதற்கு என்று உலகம் தெரிந்துகொண்டதில் அதற்கு முக்கியப் பங்கு. 1909-இல் அவருக்கு நோபல் பரிசு. 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு 46 வயதுப் பெண்ணுக்கு ஊசியில் ஏற்றினார். அந்த அம்மாள் 74 வயது வரை இருந்தார். கைராசிக்காரர் என்று டாக்டரைப் புகழும் ஊர் நம்முடையது. கோகருக்குக் கைராசி முன்பே இருந்தது. திரும்பிப் பார்க்கும் மனம்தான் அவரைப் பெரியவராக்கியது.

பிரகாரத்து அம்மாளுக்கு நான் சொன்னதும் இதை ஒட்டித்தான். தைராய்டுக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்று அல்ல. ஊசிச் சோதனையும் ஸ்கேனும் பாராமல் கத்தியை எடுப்பவரிடம் அவசரம் எதற்கு என்று கேளுங்கள். அறுவை அவசியம் என்றால், ஆண்டுக்கு இப்படி எத்தனை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். 25-க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று 2017-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்திருக்கிறது. அந்த இடத்தில் குரலுக்குப் போகும் நரம்பும், கால்சியத்தை ஆளும் அரிசி அளவுச் சுரப்பிகளும் இருக்கின்றன. கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டரானால், கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. “டாக்டரைப் போய் எப்படிம்மா அப்படிக் கேட்கிறது?” என்றார். நடராஜருக்கே மனு எழுதிப் போடும் கோயிலில் உட்கார்ந்துகொண்டு!

தேடித் தெளிந்த பிறகுதான் பெரியவர் சொன்ன நம்பிக்கைக்கு வேலை. அதை நான் லேசாகச் சொல்லவில்லை. மாத்திரையைத் தொடங்கினால் அடுத்த சோதனை ஆறு வாரத்துக்கு அப்புறம். தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அளவு நிலைபெற அத்தனை நாள் வேண்டும். அந்த ஆறு வாரம்தான் பக்திக்குப் பரீட்சை. ஒன்றும் மாறியதாகத் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு பெண் அந்த இடைவெளியைத் தாங்கமாட்டாமல் டாக்டரை மாற்றினாள், பிறகு ஓமியோபதி, பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டில் அயோடின் உப்பை நிறுத்தி இந்துப்பு. ஒவ்வொரு முறையும் புதிதாக ரத்தப் பரிசோதனை, ஒவ்வொரு முறையும் வேறு எண். வள்ளுவர் தெரிந்து தெளிதலில், ஆராயாமல் நம்புவதையும் நம்பிய பிறகு ஐயப்படுவதையும் ஒரே குறளில் வைத்து, இரண்டும் தீராத துன்பம் என்கிறார். அரசனுக்கு அமைச்சர்களைத் தேர்வது பற்றிய அதிகாரம் அது. பெரியவர் முதல் பாதியில் தவறினார். இந்தப் பெண் இரண்டாம் பாதியில் தவறினாள். ஐயத்துக்கும் நம்பிக்கைக்கும் பகையில்லை. ஐயத்துக்கு உரிய காலம் தேர்வுக்கு முன்னால். நம்பிக்கைக்கு உரியது பின்னால். அதுவும் கண்ணை மூடிக்கொள்ளும் நம்பிக்கை அல்ல. ஆறு வாரம் கழித்து ரத்தம் கொடுக்கும் நம்பிக்கை.

“ஆயுசு முழுக்கவா மாத்திரை?” என்று முகம் சுளிப்பவர்களுக்கு எங்கள் சுரங்கத்தைக் காட்டுவேன். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். 1961-இல் முதல் நிலக்கரியை எட்டிய காலத்திலிருந்து இறைக்கிறார்கள். இன்றைக்குப் போதும் என்று யாரும் பம்பை நிறுத்துவதில்லை. அதை யாரும் நோய் என்றும் சொல்வதில்லை.

எனக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதத்தில் குரல் திரும்பியது. கூடவே எனக்கு வேண்டாத ஒன்றும் வந்தது: பக்குவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது காணாமல் போயிற்று. மறுபடி கோபம், ஆசை, மருமகளின் சமையலைப் பற்றிய அபிப்பிராயம், எல்லாம் முன்போல. மாத்திரை அளவு நாளுக்கு நூறு மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு கிராம் தைராக்சின் பத்தாயிரம் நாளுக்கு, அதாவது 27 வருடத்துக்கு மேல் வரும். ஒரு சிட்டிகைப் பொடி கால் நூற்றாண்டுக்கு என் சுறுசுறுப்பு, என் துக்கம், என் வைராக்கியம் எல்லாவற்றையும் தீர்மானிக்குமானால், இதில் நான் என்று சொல்லிக்கொள்ள என்ன மிச்சம்? சோர்ந்து கிடந்தவளா நான், சண்டை போடுகிறவளா? கேள்வி என்னைக் கொஞ்ச நாள் தூங்கவிடவில்லை. (அதற்கும் அளவு கூடிவிட்டதோ என்று டாக்டரைக் கேட்டேன்; இல்லை என்றார்.) உடம்பும் மனமும் புத்தியும் கருவிகள், உயிர் அவற்றில் எதுவும் அல்ல என்று சைவ சித்தாந்தம் அடுக்கடுக்காகப் பிரித்துக்காட்டும். படித்தபோது தத்துவக் கணக்காக இருந்தது. கருவி பழுதாகி, பிறகு சரிசெய்யப்பட்டதை இரண்டு நிலையிலும் யாரோ ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை அனுபவித்த பிறகு, அது கணக்காகத் தோன்றவில்லை. மந்தத்தை ஞானம் என்று எடுத்துக்கொள்ளாத அளவுக்காவது அந்தப் பிரிவினை உதவும்.

நெய்வேலிக்குப் பக்கத்தில்தான் வடலூர். 1867-இல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. ஜீவகாருண்யத்தில் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று உயிர்கள் படும் துன்பங்களை வரிசைப்படுத்துகிறார். முன்வினையால் அவர்கள் துன்பப்படுகிறார்கள், நாம் குறுக்கிடலாமா என்ற கேள்வியையும் அவர் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார். குறுக்கிட வேண்டும் என்பதே பதில். நோயாளியாகத் தேர்வு செய்வதைப் பற்றியே இவ்வளவு பேசினேன். நாம் குறுக்கிட்டே ஆகவேண்டிய, தேர்வு செய்யவே இயலாத நோயாளி ஒருவர் இருக்கிறார்: பிறந்த குழந்தை. ஏறத்தாழ ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளில் ஒன்று, தைராய்டு சுரக்காமலோ குறைவாகச் சுரந்தோ பிறக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும். அதிகம் அழாது, நிறையத் தூங்கும். “சமத்துக் குழந்தை” என்று கொஞ்சுவோம். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மற்றக் குழந்தைகள் போல வளரும். மாதக்கணக்கில் தாமதித்தால் மூளை வளர்ச்சி குன்றும். பின்னால் எந்த நிபுணரும் அதை மீட்க முடியாது.

எனவே வீட்டில் பிரசவம் எதிர்பார்த்திருக்கும் பாட்டிமார்களுக்கு ஒன்று சொல்கிறேன். குழந்தை பிறந்து இரண்டு நாள் கழிந்ததும், ஐந்து நாளுக்குள், குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டிஎஸ்எச் பார்த்தார்களா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் வைப்பதற்கும் நட்சத்திரம் குறிப்பதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.